மதுரைச் செம்மண்ணில் மலைக்காய்: ஒரு நாற்றங்காலுடன் இரண்டு பட்டங்கள்

மதுரைச் சந்தையில் காய்கறியை இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். கத்தரி, வெண்டை, அவரை, புடலை ஆகியவை நாட்டுக்காய். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், நூல்கோல் ஆகியவை மலைக்காய். வயதானவர்கள் இன்னமும் இவற்றை இங்கிலீஷ் காய் என்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் ஊரில் மலைக்காயைப் பயிரிட நினைப்பவர், 2,000 மீட்டருக்கு மேலே கொடைக்கானலில் ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும் குளுமையை ஐப்பசி முதல் தை வரையிலான நான்கு மாதங்களுக்குள் தேடிப் பிடித்தாக வேண்டும். மாசி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கிவிடும் என்பதால், தொடக்கத்தில் தவறவிட்ட பத்து நாளைப் பின்னால் எந்த உரம் போட்டும் ஈடுகட்ட முடியாது. இந்தக் கணக்கில் பாதி, நாற்றை விற்பவரின் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரு நாற்றங்காலைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஊமச்சிகுளத்தை அடுத்து எங்களுக்கு எட்டு சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது; ஓர் ஆழ்துளைக் கிணறும், வேலைக்கு உதவ ஒரே ஓர் ஆளும் உண்டு. விற்பதற்காக நான் பயிரிடுவதில்லை. வீட்டுக்கும், மகள் வீட்டுக்கும், தெருவில் கேட்கும் நான்கைந்து பேருக்கும் போதுமான அளவே என் விளைச்சல். நான் மதிப்பிடப்போகும் நாற்றங்கால் என் நிலத்திலிருந்து அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது. அதன் பெயரை எழுதவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் ஒன்றை அவர்கள் திருத்திவிட்டார்கள், மற்றவை அப்படியே இருக்கின்றன. ஆனால் மதுரையைச் சுற்றிக் குழித்தட்டு நாற்று விற்பவர்கள் பெருகிவிட்ட இந்த நாளில் அதே குறைகள் வேறு இடங்களிலும் கண்ணில் படுகின்றன. ஆகவே பெயரைவிட, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுமார் அரை ஏக்கரில் மூன்று நிழல்வலைக் கூடாரங்கள் இருக்கின்றன. ஒன்றில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளும், நடுக்கூடாரத்தில் கோஸ் குடும்பத்து நாற்றுகளும், மூன்றாவதில் செண்டுமல்லியும் பப்பாளியும் வைத்திருக்கிறார்கள். தட்டுகள் தரையில் கிடக்காமல், இடுப்பளவு உயரத்தில் கம்பிச் சட்டத்தின் மேல் இருப்பது என் கண்ணில் பட்ட முதல் நல்ல அறிகுறி. தட்டு தரையைத் தொட்டால் வேர் அடித்துளை வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். தூக்கும்போது அந்த வேர் அறுபடும். காற்றில் தொங்கும் தட்டிலோ துளைக்கு வெளியே வரும் வேர்நுனி காய்ந்து, உள்ளேயே பக்கவேர்கள் பெருகும். இதைத் தெரிந்து செய்திருக்கிறார்களா என்று அங்கே வேலை செய்யும் அம்மாவிடம் கேட்டேன். "குனிஞ்சு குனிஞ்சு தண்ணி ஊத்த முடியலன்னு நாங்கதான் சண்டை போட்டு ஏத்த வச்சோம், டீச்சரம்மா" என்றார். காரணம் எதுவானாலும் நாற்றுக்கு நல்லது.

நாற்று வளர்க்கும் ஊடகமாக மக்கிய தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்துகிறார்கள். நார்க்கழிவு என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கழிவில் உப்பும் டானினும் மிகுந்திருக்கும். அதிலுள்ள கரிமம் தழைச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், நாற்றுக்குப் போக வேண்டிய தழைச்சத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்ளும். அத்தகைய தட்டில் வளர்ந்த நாற்று வெளிறிக் குட்டையாக நிற்கும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகச் சேர்த்து மக்கவைத்த கழிவு, செம்பழுப்பு மாறிக் கருத்து, கையில் பிழிந்தால் சாயம் இறக்காமல் இருக்கும். இங்கே நான் பிழிந்து பார்த்த ஊடகம் கருமையாக இருந்தது, கை கறைபடவில்லை. நான் இங்கே நாற்று வாங்கிய இரண்டு பட்டங்களிலும், அதாவது பயிர்ப் பருவங்களிலும், அதில் குறை காணவில்லை. சில தோட்டக்கடைகளில் மலைமண் என்று மூட்டை கட்டி விற்பதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குத் திகில். நீலகிரி போன்ற அமிலத்தன்மை மிகுந்த மலைமண்ணில் கோஸ் குடும்பத்தின் வேரைக் கதாயுதம் போலத் தடிக்க வைக்கும் கிளப் ரூட் நோய்க்கிருமி பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மலைக்காய் என்பதற்காக மலைமண்ணைத் தேட வேண்டியதில்லை. இந்த நாற்றங்கால் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இனி முதல் பட்டம். ஆவணிக் கடைசியில் முட்டைக்கோஸ் ஒரு தட்டும், காலிஃபிளவர் அரைத் தட்டும் சொல்லி முன்பணம் கொடுத்தேன். ஒரு தட்டு என்பது 98 குழி. ஐப்பசி 10ஆம் தேதி தருவதாகச் சொன்னார்கள். ஐப்பசி முழுவதும் மழை என்ற காரணத்தைச் சொல்லித் தள்ளிக்கொண்டே போய், கார்த்திகை 4ஆம் தேதிதான் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் நாற்றங்கால் பிந்துவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பிந்தி வந்த நாற்று இளைய நாற்றாக அல்லவா இருக்க வேண்டும்? கோஸ் நாற்று அப்படித்தான் இருந்தது: ஐந்தாறு இலை, குட்டையான தண்டு, இலையில் வெண்ணீறு பூசியது போன்ற மெழுகு. காலிஃபிளவர் நாற்றின் தண்டு மட்டும் அடியில் மரம் போலக் கடினமாகி, அடியிலைகள் ஊதா கலந்து மஞ்சளித்திருந்தன. அடித்துளையில் விரல் வைத்துத் தள்ளி வெளியே எடுத்துப் பார்த்தால், வேர்ப்பந்து வெள்ளையாக இல்லாமல் பழுப்பு நிறத்தில் சுருண்டு இறுகிக் கிடந்தது.

முதலாளி அன்று ஊரில் இல்லை. நான் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட அந்த அம்மா அருகில் வந்து, "டீச்சரம்மா, ஒங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரல. இது ஆயுதபூசைக்கு முன்னாடியே போட்ட தட்டு. எடுக்கிறேன்னு சொன்ன ஆளு கடைசி வரைக்கும் வரவே இல்ல" என்றார். அப்படியானால் நாற்பது நாளுக்குக் குறையாது. காலிஃபிளவர் நாற்றை 25 நாளில், அதிகம் போனால் 30 நாளில் நட்டுவிட வேண்டும். வேறொருவருக்காக விதைத்து விற்காமல் நின்றுபோன தட்டை என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தும், பட்டம் போய்விடுமே என்ற பதைப்பில் வாங்கிக்கொண்டு வந்தேன். அது என் தவறு. அதை அவர்கள் கணக்கில் எழுதவில்லை.

விளைவை எண்ணிக்கையாகவே தருகிறேன். முட்டைக்கோஸ் 98 குழியில் 95 நாற்று இருந்தது. நட்டதில் 88 பிழைத்து, 80 செடி திரண்ட கோஸ் கொடுத்தது. எடை 700 கிராம் முதல் ஒரு கிலோ 200 கிராம் வரை இருந்தது. செம்மண்ணில், அதுவும் கார்த்திகையில் பிந்தி நட்டதற்கு இது மிக நல்ல விளைச்சல். காலிஃபிளவர் 49 குழியில் 6 வெறுங்குழி. மீதி 43 செடியில் 7 மட்டுமே சமையலுக்கு ஆகும் பூவைத் தந்தன. 27 செடி, இலை முழுதாக விரியும் முன்பே எலுமிச்சம்பழ அளவில் ஒரு பூவைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுபோயின. 9 செடி பூவே வைக்காமல் மாசி வரை இலை இலையாகத் தழைத்துக்கொண்டிருந்தன.

இந்த இரண்டு தோல்வியும் வெவ்வேறு என்பதை நாற்று வாங்குபவர்கள் பிரித்துணர வேண்டும் என்பதற்காகச் சற்று விளக்குகிறேன். காலிஃபிளவரில் நாம் உண்பது மலர்வதற்கு முன் தடைபட்டு நிற்கும் பூங்கொத்தின் திரண்ட கிளைகள். செடி தன் இளமைப் பருவத்தைக் கடந்து போதிய இலைகளைச் சேர்த்தபின், அந்தந்த வகைக்குரிய வெப்பநிலை வாய்த்தால்தான் பூ திரளும். தட்டிலேயே பட்டினி கிடந்து முதிர்ந்த நாற்றுக்கு இலை சேர்க்கும் வலு இருக்காது. ஆனால் வயது மட்டும் ஏறியிருக்கும். ஆகவே சின்னஞ்சிறு பூவை வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இதைப் பொத்தான் பூ என்பார்கள். பூவே வைக்காமல் இலைக்காடாக நிற்பது பெரும்பாலும் வகையால் வரும் கோளாறு. ஸ்னோபால் எனப்படும் பின்பருவ வகைகளுக்குப் பூத் திரள 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையிலான குளுமை வேண்டும். மார்கழி இரவிலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும் மதுரையில் அது நடக்காது. நமக்கு ஏற்றவை 20 முதல் 27 பாகையில் பூத் திரளும் முன்பருவ இந்திய வகைகள் மட்டுமே.

இந்த முன்பருவ வகைகள் உருவான கதை, கற்பித்த நாளிலிருந்தே எனக்குப் பிடித்த ஒன்று. காலிஃபிளவர் 1822ஆம் ஆண்டு சகாரன்பூர் தாவரவியல் பூங்கா வழியாக இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. வடஇந்தியச் சமவெளி உழவர்கள் தலைமுறை தலைமுறையாக, வெயிலைத் தாங்கிப் பூத்த செடியிலிருந்து மட்டும் விதை எடுத்து எடுத்து, குளிர்நாட்டுப் பயிரை வெப்பம் தாங்கும் பயிராக்கினார்கள். அந்த உழைப்பின் பயனைத்தான் இன்று மதுரையில் நாம் அறுவடை செய்கிறோம். ஆகவே தட்டின் மேல் வெறுமனே 'காலிஃபிளவர் ஹைபிரிட்' என்று எழுதி விற்பது, பேருந்துப் பலகையில் ஊர் பெயர் போடாமல் 'பேருந்து' என்று மட்டும் எழுதியதற்கு ஒப்பாகும். எனக்குக் கொடுத்த தட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. இலைக்காடாக நின்ற அந்த 9 செடியும் வேறு விதையின் கலப்பாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன், நிரூபிக்க வழியில்லை.

தை மாதத்தில் இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் இளைஞர். முதலில் அவர் சொன்ன பதில், "மதுர வெயிலுக்குக் காலிஃபிளவர் அப்படித்தான் டீச்சர், ஒண்ணும் செய்ய முடியாது" என்பது. வேறு விதை வாங்கி வீட்டில் நானே வளர்த்த பத்து நாற்றையும் அதே பாத்தியின் ஓரத்தில் நட்டிருந்தேன்; அதில் எட்டுச் செடி நல்ல பூவைக் கொடுத்தது. கைபேசியில் அந்தப் படங்களைக் காட்டியபின் அவர் பேச்சு மாறியது. தட்டு பழையது என்பதை ஒப்புக்கொண்டார். அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்பதை நான் வெளியிடவில்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லவில்லை. மாறாக, 60 நூல்கோல் நாற்றை இலவசமாகக் கொடுத்தார். காலிஃபிளவருக்கு நூல்கோல் ஈடாகாது என்பது என் கருத்து. என்றாலும் தை நடுவில் நட்ட அந்த நூல்கோல் ஐம்பத்தைந்து நாளில் திரண்டு, வெயில் உச்சத்தைத் தொடுவதற்குள் சாம்பாருக்கு வந்துவிட்டது. மலைக்காய்களில் மதுரைக்கு மிகவும் இணங்கிப் போகும் பயிர் அதுவே. டென்னிஸ் பந்து அளவில் பிடுங்கிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பெரிதாகட்டும் என்று விட்டால் உள்ளே நார் பாய்ந்து கத்தி இறங்காது.

இரண்டாவது பட்டத்துக்கு அங்கேயே போனதைச் சிலர் வியந்தார்கள். கோஸ் நாற்றின் தரமும், கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்ட அந்த இளைஞரின் போக்கும் என்னை மறுபடியும் அழைத்துச் சென்றன என்று சொல்லலாம். இம்முறை இரண்டு நிபந்தனை வைத்தேன். தட்டில் விதைத்த தேதி எழுதியிருக்க வேண்டும். விதைப் பொட்டலத்தின் உறையை எனக்குக் காட்ட வேண்டும். இரண்டையும் செய்தார். எனக்கு மட்டும் செய்ததாகத்தான் முதலில் நினைத்தேன். புரட்டாசியில் போய்ப் பார்த்தபோது, நடுக்கூடாரத்தின் ஒவ்வொரு வரிசையிலும் விதைத்த தேதியும் வகையின் பெயரும் எழுதிய அட்டை கட்டியிருந்தது. திருத்திவிட்டார்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். ஒரு வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு முழு நாற்றங்காலின் பழக்கத்தை மாற்றுவது சின்ன விஷயமன்று.

புரட்டாசி 20ஆம் தேதி விதைத்த காலிஃபிளவர் ஒரு முழுத் தட்டை, 24 நாள் வயதில், ஐப்பசி 14ஆம் தேதி நட்டேன். கொடுப்பதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே நிழல்வலையை விலக்கி, தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். இலை தடித்து நீலம் பாரித்திருந்ததிலிருந்தே அது தெரிந்தது. நட்ட மூன்றாம் நாள் கொட்டிய மழையில் என் பாத்தியே கரைந்தது. நாற்று தலை சாயவில்லை. வடகிழக்குப் பருவமழையில் நடுபவர்கள் அரை அடி உயர மேட்டுப்பாத்தி போடாமல் இந்தப் பயிரைத் தொடக் கூடாது என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன். 98 குழியில் 96 நாற்று, அறுவடைக்கு வந்த நல்ல பூ 79. மார்கழிக் கடைசியில் முதல் பூவை அறுத்து, பொங்கலுக்குள் தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டேன். முட்டையளவு வந்ததும் இலைகளைக் கூட்டி வாழைநாரால் கட்டியிருந்ததால் பூ மஞ்சளிக்கவில்லை. நான்கைந்து பூக்களின் தண்டில் மட்டும் உள்ளே பழுப்பு ஓடியிருந்தது. அது போரான் என்ற நுண்சத்தின் குறை, என் மண்ணின் கணக்கு. நாற்றங்காலைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ஆனால் இந்தப் பட்டத்தில் வேறொரு குறை வந்து சேர்ந்தது. கோஸ் நாற்றைத் தட்டிலிருந்து எடுக்கும்போது, பத்துப் பன்னிரண்டு நாற்றின் இலையில் கண்ணாடிச் சன்னல் போன்ற சிறு வெளிறிய புள்ளிகளைக் கண்டேன். இலையைத் திருப்பினால் அடியில் பச்சை நிறத்தில் நூல் போன்ற புழு. தொட்டதும் துள்ளி, நூலில் தொங்கியது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவேதான். கோஸ் பயிரிடுபவர்களின் முதல் எதிரி அது. பல மருந்துகளுக்குப் பழகிப்போய்விட்டதால் ஒருமுறை தோட்டத்துக்குள் புகுந்துவிட்டால் துரத்துவது கடினம். நிலத்தில் வந்து தொற்றுவது வேறு, நாற்றோடு விலைகொடுத்து வாங்கி வருவது வேறு. மறுநாளே போய்ப் பார்த்தேன். நடுக்கூடாரத்தின் மேற்குப் பக்கப் பூச்சிவலையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. கதவும் நாள் முழுவதும் திறந்தே கிடந்தது. நல்ல ஊடகத்துக்கும் விதைக்கும் செலவழித்துவிட்டு நூறு ரூபாய் வலைத்துண்டில் மிச்சம் பிடிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. தைப்பதாகச் சொன்னார்கள். மாசியில் போனபோதும் கிழிசல் அப்படியே இருந்தது.

என் அளவில், புழு இருந்த நாற்றை ஒதுக்கி நசுக்கிவிட்டு, மீதியின் மேல் வேப்பங்கொட்டைச் சாற்றை லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் தயாரித்துத் தெளித்தேன். பதினைந்து நாள் முன்னதாகவே கோஸ் பாத்தியின் ஓரங்களில் கடுகு விதைத்திருந்தது மிகவும் உதவியது. அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகை விரும்பிப் போய் முட்டையிடும் என்பதால் அது பொறிப்பயிராக நின்று, கோஸைப் பெரும்பாலும் காப்பாற்றியது. புழு நிறைந்த கடுகைப் பிடுங்கி எரிப்பதற்குள் நட்டு 25 நாளில் இரண்டாம் முறை கடுகு விதைக்க வேண்டும். பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய முறை இது. அங்கே 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு என்று சொல்வார்கள். எட்டு சென்ட் நிலத்துக்கு வரிசைக் கணக்கு பொருந்தாது, ஓரம் போதும்.

அடுத்தது கேரட். இந்த நாற்றங்காலிலும், நான் பார்த்த வேறு சில இடங்களிலும், மாடித்தோட்டக்காரர்களுக்கென்று கேரட் நாற்று விற்கிறார்கள். இதைக் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். கேரட்டில் நாம் உண்பதே ஆணிவேர். அந்த வேரின் நுனி குழியின் அடியைத் தொட்டுக் காய்ந்ததும், அது இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்துவிடும். சோதித்துப் பார்ப்பதற்காகவே 50 நாற்று வாங்கி நட்டேன். நேராக வந்தது 4. மற்றவை கால் மடக்கி உட்கார்ந்த பொம்மைகள். பேரன் அவற்றை வைத்து விளையாடியதோடு சரி. அதே பாத்தியில், மணலோடு கலந்து நேரடியாக விதைத்து, முளைக்கும் வரை எட்டுப் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்து, பின்பு நெருக்கமான முளைகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்ட கேரட் பெரும்பாலும் நேராகவே இறங்கியது. அளவில் கொடைக்கானல் கேரட்டை எட்டவில்லை, நிறமும் சற்று வெளிறியே இருந்தது. கேரட்டின் நிறம் தேர்ந்து வர நம்மூர் மண்ணின் வெப்பம் சற்று அதிகம். இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னபோது, "கேக்குறாங்க டீச்சர், நான் குடுக்காட்டி பக்கத்துல வாங்கிருவாங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பீட்ரூட்டை இந்த வரிசையில் சேர்க்க முடியாது. இளம் நாற்றாக நட்டால் அது பொறுத்துக்கொள்ளும். நாம் பீட்ரூட் விதை என்று போடுவது உண்மையில் இரண்டு முதல் ஐந்து விதைகள் ஒட்டிக்கொண்ட ஒரு திரள் என்பதால், ஒரு குழியில் மூன்று நான்கு முளை கிளம்பும். அவற்றைக் கலைத்து ஒன்றை மட்டும் விடுவது நாற்றங்காலின் வேலை. இங்கே கலைக்காமல் கொத்தாகவே விற்கிறார்கள். கேட்டால், ஒரு குழிக்கு மூன்று செடி இலாபம்தானே என்கிறார்கள். கொத்தாக நட்டால் மூன்றும் கோலிக்குண்டுதான். நடும்போதே நகத்தால் கிள்ளி ஒன்றை விட்டுவிட்டேன். முள்ளங்கியை நாற்றாக யாரும் விற்பதில்லை என்பது ஆறுதல். வெப்பம் தாங்கும் பூசா சேட்கி விதையை இங்கே பொட்டலமாக வைத்திருக்கிறார்கள். 40, 45 நாளில் பிடுங்கலாம், ஏமாற்றவில்லை.

விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முழுத் தட்டாக எடுத்தால் கோஸ் நாற்று ஒன்றுக்கு ஒரு ரூபாய் இருபது காசும், காலிஃபிளவருக்கு ஒன்றரை ரூபாயும் ஆயிற்று. பத்து, இருபது என்று சில்லறையாக வாங்கினால் நாற்றுக்கு மூன்று ரூபாய். மாடித்தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு தட்டாக வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. தட்டுக்குத் தனியாக முன்பணம் வாங்கி, திருப்பிக் கொடுத்ததும் தந்துவிடுகிறார்கள். இருபது தட்டுக்கு மேல் எடுத்தால் மட்டுமே அவர்கள் வண்டியில் அனுப்புவார்கள். மற்றவர்கள் தாங்களே கொண்டுபோக வேண்டும். நத்தம் சாலையின் காற்றில் இருசக்கர வண்டியின் பின்னால் மூடாமல் கட்டிக்கொண்டு போன தட்டு, வீட்டுக்குப் போவதற்குள் வெந்த கீரை போலாகிவிட்டதை ஒருவரிடம் பார்த்தேன். ஒரு அட்டைப்பெட்டியும் ஈரச்சாக்கும் கொண்டுபோவது நல்லது. கடையில் செய்தித்தாள்தான் சுற்றித் தருகிறார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஏக்கர் கணக்கில் பயிரிடுபவர்கள் திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய இஸ்ரேல் கூட்டுத்திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். பாதுகாக்கப்பட்ட கூடாரத்தில் குழித்தட்டு நாற்று எப்படி வளர்க்கப்பட வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல். அங்கே போய்வந்த பிறகு ஒரு முழக் கிழிசல் சின்ன விஷயமாகத் தோன்றாது. யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில், 1965 முதல் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரியும் அதன் வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. பயிரில் சந்தேகம் என்றால் நோயுற்ற செடியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன்; மருந்துக்கடைக்காரரின் பரிந்துரையைவிட அது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் எங்களைப் போல ஒரு தட்டு, அரைத் தட்டு வாங்குபவர்களுக்கு அருகிலுள்ள தனியார் நாற்றங்கால்தான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

நாற்றே வாங்காமல் விதையை வீட்டில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செய்யலாம், எனது பத்துக் காலிஃபிளவர் அதற்குச் சாட்சி. ஆனால் முட்டைக்கோஸ் விதையை நம்மூரில் எடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. பல வாரக் கடுங்குளிர் பட்டால்தான் கோஸ் பூத்து விதை கட்டும் என்பதால், மதுரையில் அது கோஸாகவே இருந்து வெடித்துப்போகும். ஆகவே ஆண்டுதோறும் விதைப் பொட்டலம் வாங்கியாக வேண்டும். பத்து கிராம் கலப்பின விதைப் பொட்டலத்தில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். நூறு செடி வேண்டியவருக்கு அது வீண். ஐப்பசி அடைமழையில் நாற்றழுகல் வராமல் வீட்டுத் திண்ணையில் நூறு நாற்றைக் காப்பது எனக்கு முடியவில்லை.

இந்த நாற்றங்காலில் நான் இனியும் வாங்கப்போவது முட்டைக்கோஸ், நூல்கோல், தேதி எழுதிய காலிஃபிளவர் ஆகிய மூன்று மட்டுமே. பீட்ரூட்டைக் கலைத்துக் கொடுத்தால் வாங்குவேன். கேரட் பக்கம் போக மாட்டேன். தக்காளி நாற்றில் வெள்ளை ஈ பறந்ததைப் பார்த்ததால், வலையைத் தைக்கும் வரை அதையும் தொடுவதாக இல்லை. செண்டுமல்லி நாற்று அருமையாக இருக்கிறது, ஆனால் அது இந்தக் கட்டுரையின் பொருளன்று.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கூடாரத்துக்குள் தண்ணீர் விடும் நேரம். முதலாளியைவிட அந்த அம்மாவிடம் கேட்டு வாங்குவது நல்லது. இவ்வாண்டுக்கு இரண்டு தட்டு காலிஃபிளவருக்குச் சென்ற வாரம் முன்பணம் கொடுத்தேன். விதைக்கும் நாள் புரட்டாசி 20, கொடுக்கும் நாள் ஐப்பசி 14, முப்பது நாளுக்கு மேற்பட்ட நாற்றானால் பணம் வாபஸ் என்று சீட்டில் அந்த இளைஞரையே எழுதச் சொல்லி, கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.